மேலே தடுப்பணை, கீழே போர்வெல்: பாலாற்றுக்கு நமக்கென்று ஒரு சட்டம் கேட்கலாமா?

#1 ஏரிக்கோடி

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. 1981ல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்தார். அந்தப் பேச்சில் ஒரு வரி அன்றோடு கழிந்தது. ஆற்றைப் பற்றிய வரி அப்படியே நிற்கிறது.

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவுக்குக் கிழக்கே, பாலாற்றங்கரை. தாத்தா காலத்தில் ஊற்றுக்கால்வாய்ப் பாசனம். ஆற்றில் மேலே தண்ணீர் ஓடாத மாதத்திலும் மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். மணலில் சரிவாகக் கால்வாய் வெட்டி அதை நிலத்துக்குக் கொண்டுவருவார்கள். சித்திரையில் ஊரே மண்வெட்டியோடு இறங்கித் தூர் எடுக்கும். ஆள் அனுப்பாத வீட்டுக்கு அந்த முறை தண்ணீர் தள்ளிப்போகும். எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை, ஆனால் மீறியவர் யாரும் இல்லை என்று அப்பா சொல்வார். நான் பார்த்தது அந்தக் கால்வாயின் தடம் மட்டும்தான். மணல் போனது, ஊற்றும் கூடவே போனது.

பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர். நந்திமலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, நம்மிடம் 222. மேலே உள்ள 126 கிலோமீட்டரைப் பற்றி நாம் பேசாத நாள் இல்லை. பேசத்தான் வேண்டும். ஆனால் வாணியம்பாடியிலிருந்து வயலூர் முகத்துவாரம் வரை உள்ள இந்த 222 கிலோமீட்டரை எந்தச் சட்டம் ஆள்கிறது என்று தேடினால் ஒரே சட்டம் கிடைக்கவில்லை. ஏரி ஆக்கிரமிப்புக்கு 2007ல் வந்த சட்டம். பாசன சபைக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம். கழிவுக்கு மாசு வாரியம். மணலுக்குக் கனிமத் துறை. நிலத்தடி நீருக்கு 2003ல் ஒரு சட்டம் போட்டார்கள். நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆறு ஒன்று, அதைப் பார்க்கும் அலுவலகம் ஐந்து.

ஆகவே என் கேள்வி இது. பாலாற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாக வைத்து, ஆறு, ஏரி, கிணறு, மணல், கழிவு எல்லாம் ஒரே கணக்கில் வரும்படி, ஒரு மாநிலச் சட்டம் வேண்டும் என்று நாம் கேட்கலாமா? கேட்டால் அதில் என்ன இருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

#2 மேற்கு வயல்

வாணியம்பாடிக்கு மேற்கே, அம்பலூர் பக்கம் விவசாயம். ஆவாரங்குப்பத்தில் ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது என்பது வரைபடத்தில். உண்மையில் ஆந்திரத்தின் புல்லூர் தடுப்பணையில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் நுழைகிறது. 2016ல் அதை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தோம். ஆந்திரப் பகுதியில் மட்டும் இருபதுக்கு மேல் தடுப்பணைகள். அந்த 33 கிலோமீட்டருக்குள்.

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். மனசு வலித்துத்தான் பதில் எழுதுகிறேன். திருடு போன வீட்டுக்காரனிடம் உன் பெட்டிக்குப் பூட்டு சரியில்லை என்று சொல்வது போல இருக்கிறது. முதலில் மேலே இருப்பவர்களிடம் கேளுங்கள். இங்கே சட்டம் போட்டால் அது யார் மேல் விழும்? எனக்குப் போர் போடத் தடை, மோட்டாருக்கு மீட்டர். வேறு என்ன வரும்?

#3 வழக்குக்கட்டு

நான் வழக்கறிஞர், வேலூர். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியல் 17ஆம் இனம்: தண்ணீர், பாசனம், கால்வாய், கரை, நீர்த்தேக்கம். அது மாநிலத்துக்கு உரியது. ஆனால் மத்தியப் பட்டியல் 56ஆம் இனத்துக்கு உட்பட்டது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளைப் பொதுநலன் கருதி ஒழுங்குபடுத்துகிறோம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டால் அந்த அளவுக்கு மாநிலத்தின் கை சுருங்கும். 1956ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நதி வாரியங்கள் சட்டம். அதன்கீழ் இன்றுவரை ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. மற்றொன்று மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறுகள் சட்டம். காவிரி நடுவர் மன்றம் வந்தது அதன்கீழ்தான். 2018ல் நதிப்படுகை மேலாண்மைக்கு ஒரு மசோதா வரைவைச் சுற்றுக்கு விட்டார்கள். அது சட்டமாகவில்லை.

ஒரு மாநிலம் தன் சட்டமன்றத்தில் உட்கார்ந்து பொது ஆற்றைப் பற்றி என்ன செய்ய முடியாது என்பதற்கு மூன்று தீர்ப்புகள் உண்டு. மூன்றும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, காவிரி. 1991 ஜூனில் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி) விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டதும் கர்நாடகம் அடுத்த மாதமே ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் பாசனத்தைப் பாதுகாக்கிறோம், உத்தரவு எங்களைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் அதன் சாரம். அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தன் எல்லைக்கு வெளியே உள்ளவரின் உரிமையைத் தொடுகிறது, தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகிறது என்று காரணம் சொன்னது. இரண்டாவது, பஞ்சாப் 2004ல் நதிநீர் ஒப்பந்தங்களை ரத்து செய்து போட்ட சட்டம். 2016ல் அதற்கும் அதே கதி. மூன்றாவது, முல்லைப் பெரியாறு. நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006ல் தீர்ப்பு வந்த சில வாரங்களில், கேரளம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி 136 அடிக்கு மேல் கூடாது என்றது. 2014ல் அந்தத் திருத்தமும் விழுந்தது. அந்த வழக்கில் ஜெயித்தது நாம்.

ஆகவே, புல்லூர் தடுப்பணையை இடிக்கச் சொல்லித் தமிழ்நாடு சட்டம் போட முடியாது. அதற்கு வழி உச்ச நீதிமன்றமும் நடுவர் மன்றமும்தான். ஆந்திரத்தின் கணேசபுரம் அணைத் திட்டம் வந்தபோது 2006லேயே நம் அரசு வழக்குப் போட்டது. 2016ல் தடுப்பணை உயரத்துக்காக மறுபடி போட்டது. ஆனால் நம் 222 கிலோமீட்டருக்கு நாம் சட்டம் போடலாம். 17ஆம் இனம் அதற்காகத்தான் இருக்கிறது.

#4 பழைய அணைக்கட்டு

பொதுப்பணித் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்பலூர்த் தம்பியின் கோபம் நியாயமானது. ஆனாலும் ஒரு விவரத்தைச் சேர்க்க வேண்டும்.

பாலாறு என்றால் குப்பம் வழியாக வரும் ஒரே ஓட்டம் என்று நினைக்கிறோம். வாலாஜாவுக்குப் பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய பாலாறு அணைக்கட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பல வருடங்கள் அங்கே வந்து சேர்வதில் பெரும்பங்கு பொன்னையாற்றுத் தண்ணீர். அதுவும் சித்தூர் பக்கமிருந்து, கலவகுண்டா அணையைத் தாண்டித்தான் வருகிறது. அதற்கு மேலே கவுண்டன்யா நதி, அதில் 2001ல் முடிந்த மோர்தானா அணை. மலட்டாறு, அகரம் ஆறு. கீழே போனால் ஜவ்வாது மலையிலிருந்து வரும் செய்யாறு. கர்நாடகமும் ஆந்திரமும் ஒரு சொட்டு விடாத வருடத்திலும் இந்தப் படுகையில் நம் எல்லைக்குள் பெய்யும் மழை நம்முடையதுதான். அதை எங்கே பிடிக்கிறோம்?

அணைக்கட்டிலிருந்து நான்கு கால்வாய்கள்: மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி. கால்வாய் போய்ச் சேரும் ஏரிகள் பல்லவர் வெட்டியவை. மகேந்திரவாடி ஏரிக்கு மகேந்திரவர்மன் பெயர். காவேரிப்பாக்கம் ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. வெள்ளைக்காரன் அணைக்கட்டுக் கட்டியதே அந்தப் பழைய ஏரிகளுக்குத் தண்ணீர் நிச்சயமாக வர வேண்டும் என்றுதான். ஆறும் ஏரியும் ஒரே உடம்பு என்பது ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

2021 நவம்பரில் இந்த அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் போனது. வயதானவர்கள் 1903 வெள்ளத்தைப் பற்றிக் கேட்ட கதையைச் சொன்னார்கள், வாணியம்பாடியில் இருநூறு பேர் போன வெள்ளம். அத்தனை தண்ணீரும் இரண்டு வாரத்தில் கடலுக்குப் போனது. வரத்துக்கால்வாய் அடைந்திருந்த ஏரிகள், ஆறு பொங்கிய அதே வாரத்தில், பாதி நிரம்பியும் நிரம்பாமலும் கிடந்தன. அதை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. உலக வங்கிக் கடனில் 1995 முதல் 2004 வரை நீர்வள ஒருங்கிணைப்புத் திட்டம் நடந்தது. அப்போது பாலாற்றுக்கும் தாமிரபரணிக்கும் படுகை வாரியம் அமைத்தார்கள். ஏரிக்கோடி கேட்பதன் விதை அதுதான். ஆனால் அது அரசாணையில் பிறந்தது. சட்டம் இல்லை, சொந்த நிதி இல்லை, ஒரு துறையை ‘இதைச் செய்’ என்று சொல்லும் அதிகாரம் இல்லை. திட்டம் முடிந்ததும் பேச்சும் ஓய்ந்தது. எனவே இந்த முறை கேட்டால் சட்டமாகக் கேளுங்கள், குழுவாகக் கேட்காதீர்கள்.

#5 மணல்மேடு

ஊற்றுக்கால்வாய் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் அதைக் கசம் என்பார்கள். மணல் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆற்றில் 20 அடி மணல் இருந்தால் அது வெயிலில் ஆவியாகாத ஏரி. அதைத்தான் லாரியில் ஏற்றி அனுப்பினோம். சட்டம் வந்தால் முதல் வரி மணலைப் பற்றி இருக்கட்டும்.

#6 ஆம்பூர்க்காரி

இந்த இழையில் தண்ணீரின் அளவைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். தரத்தையும் பேசுங்கள்.

நான் ஆம்பூர். ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சோறு தோலிலிருந்துதான் வருகிறது. அதனால் தொழிலை மூடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. துணிக்கு சோப்பு நுரைக்காது. அந்தக் கிணற்றை நாங்கள் மூடவில்லை, எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கு. மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடும் இந்திய நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது நம் பாலாற்றால்தான். சட்டக் கல்லூரிகளில் எல்லாம் வேலூர் தீர்ப்பு என்று படிக்கிறார்கள். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ விவசாயத்துக்கு ஆகாமல் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. பிறகு ஒரு ஆணையம் நஷ்டஈடு கணக்குப் போட்டது. 29,000 பேருக்கு மேல், மொத்தம் 27 கோடிக்கும் குறைவு. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி பத்தாயிரம்கூடத் தேறாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, மீதி நஷ்டஈட்டைக் கொடு, ஆற்றைச் சரிசெய்ய நிபுணர் குழு போடு என்று உத்தரவிட்டிருக்கிறது. இருபத்தெட்டு வருடம் கழித்து.

இவ்வளவு பெரிய தீர்ப்பு வந்த ஊரில் நாங்கள் குடிப்பது என்ன தண்ணீர்? மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரி. பாலாற்றங்கரையில் உட்கார்ந்து காவிரியைக் குடிக்கிறோம். குழாய் வரும் நாளுக்காகக் குடத்தை வரிசையில் வைக்கிறோம். படுகைச் சட்டம் வந்தால், அதில் குடிதண்ணீர்க் கிணறுகளுக்கு எத்தனை தூரத்துக்குள் எந்தக் கழிவும் வரக்கூடாது என்று எழுதட்டும். 1989ல் அரசாணை ஒன்று வந்தது, ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இப்படிப்பட்ட தொழிற்சாலை புதிதாக வரக்கூடாது என்று. அரசாணை ஒரு கையெழுத்தில் மாறும். சட்டம் சட்டமன்றத்தில்தான் மாறும்.

#7 மேற்கு வயல்

அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். தரத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, எங்கள் பக்கம் தண்ணீரே இல்லாததால்.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி. 1892ஆம் வருஷத்து ஒப்பந்தம் என்று மேடையில் எல்லாரும் சொல்கிறார்கள். அது காகிதமா, இன்னும் உயிரோடு இருக்கிறதா?

#8 வழக்குக்கட்டு

நல்ல கேள்வி. 1892ல் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன் ‘அ’ அட்டவணையில் பதினைந்து பெரிய ஆறுகள், அதில் பாலாறும் ஒன்று. அந்த ஆறுகளின் குறுக்கே புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன் மைசூர் நம் சம்மதம் வாங்க வேண்டும். 2018 காவிரித் தீர்ப்பில், 1892, 1924 ஒப்பந்தங்கள் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை என்ற கர்நாடகத்தின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 1924 ஒப்பந்தம் ஐம்பது வருடத்தோடு காலாவதியானது, அது வேறு.

ஆனால் ஒப்பந்தம் கையில் இருப்பது போதாது. தென்பெண்ணையைப் பாருங்கள். மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்து 2018ல் வழக்கு. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தடை தரவில்லை, நடுவர் மன்றம் கேட்டுப் போங்கள் என்றது.

அங்கே போய் நின்றால் முதலில் கேட்பது என்ன தெரியுமா? உனக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு வராமல் போனது, வந்ததை எப்படிப் பயன்படுத்தினாய்? காவிரித் தீர்ப்பில் டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்து நம் பங்கைக் குறைத்தது நினைவிருக்கிறதா? 192ல் இருந்து 177.25 ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். நம் நிலத்தடி நீரை நாம் அளக்காவிட்டால் வேறொருவர் அளந்து சொல்வார். அப்போது மறுத்துப் பேசக் கையில் கணக்கு இருக்காது. தம்பி, ஏரிக்கோடி கேட்கும் சட்டம் உங்கள் எல்லை வழக்குக்கு எதிரானதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வழக்குக்குக் கட்டு சேர்க்கும் வேலை அது.

#9 குப்பம் மாந்தோப்பு

இந்த இழையை ரொம்ப நேரம் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் குப்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. திட்டாமல் படியுங்கள்.

எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் ‘வட ஆற்காடு ஜில்லா’ என்றுதான் இருக்கிறது. 1911ல் சித்தூர் மாவட்டம் பிரிகிறவரை நாங்களும் நீங்களும் ஒரே ஜில்லா. வடாற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். 1892ல் கையெழுத்துப் போட்டபோது பாலாற்றுக்கு மேல்பக்கம் மைசூர், கீழ்பக்கம் சென்னை. நடுவில் வேறு யாரும் இல்லை. நாங்கள் அப்போது உங்கள் பக்கம்தான் இருந்தோம்.

எங்கள் பக்கமும் வானம் பார்த்த பூமி. ஆறு வருடத்தில் சில நாள் ஓடும். தடுப்பணை நிரம்பிய வருடம் சுற்று வட்டாரக் கிணறுகளில் தண்ணீர் ஏறுகிறது. ஆயிரம் அடி போட்டும் காற்று வந்த போர்களைப் பார்த்த விவசாயிக்கு அது உயிர். கீழே இருப்பவரின் உயிர் அதில் குறைகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஹந்திரி–நீவா கால்வாயில் கிருஷ்ணா தண்ணீரை இவ்வளவு தூரம் இழுத்துவர வேண்டிய நிலை எங்களுக்கு. 2024 பிப்ரவரியில் பாலாற்றில் புதிய நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டியபோது உங்கள் பக்கம் எதிர்ப்பு வந்ததைப் படித்தேன். நானாக இருந்தாலும் எதிர்த்திருப்பேன்.

ஒன்று சொல்லலாம். எங்கள் மாநிலத்தில் 2002ல் வந்த வால்டா சட்டம் இருக்கிறது: நீர், நிலம், மரம் மூன்றுக்கும் ஒன்று. போர் போட அனுமதி வாங்க வேண்டும், குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் போடக்கூடாது. ஒழுங்காக நடக்கிறதா என்றால், பல ஊர்களில் நடக்கவில்லை. ராத்திரியில் வண்டி வந்து போட்டுவிட்டுப் போகிறது. ஆனால் சட்டம் இருப்பதால், பக்கத்துத் தோட்டக்காரர் என் கிணற்றுக்கு ஒட்டிப் போர் போட வந்தபோது மண்டல ஆபீஸில் ஒரு மனு கொடுத்து நிறுத்த முடிந்தது. அந்த மனு எழுத எனக்கு ஒரு காகிதம் இருந்தது. உங்களுக்கு இல்லை.

#10 ஏரிக்கோடி

குப்பம் நண்பருக்கு நன்றி. திட்ட யாருக்கும் மனசு வராது. இந்த இழையில் நான் எதிர்பார்க்காத பதிவு உங்களுடையது.

எல்லாருடைய பதிலையும் படித்தபின் என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. தொடங்கும்போது நான் ஒரு பெரிய வாரியத்தை மனதில் வைத்திருந்தேன், சென்னையில் ஒரு தலைவர், எட்டு உறுப்பினர் என்று. பழைய அணைக்கட்டு ஐயா சொன்னதைக் கேட்டபின், வாரியத்தைவிட முக்கியம் அளவும் கணக்கும் என்று தோன்றுகிறது. சட்டத்தின் முதல் கடமை, படுகையில் எங்கே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதை அளந்து ஊரறியச் சொல்வது. ஆவாரங்குப்பத்தில் எவ்வளவு நுழைந்தது, பொன்னையில் எவ்வளவு, அணைக்கட்டிலிருந்து நான்கு கால்வாயில் எவ்வளவு போனது, எவ்வளவு கடலுக்குப் போனது. கிணறுகளில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே வருவதில் உப்பு எவ்வளவு.

தொழிற்சாலையும் நகராட்சியும் வீட்டுமனைக்காரரும் லாரித் தண்ணீரும் எடுப்பதற்கு முதலில் மீட்டர். விவசாயிக்குக் கடைசியில். அம்பலூர்த் தம்பியின் பயம் வெறும் பயம் இல்லை, வரிசை மாறினால் அது உண்மையாகிவிடும்.

#11 பழைய அணைக்கட்டு

வரிசை சரி. இரண்டு திருத்தம்.

2007 ஏரிச் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு மட்டும்தான். 100 ஏக்கருக்குக் கீழ் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள சின்ன ஏரிகள் ஒன்றியத்தின் கையில் இருக்கின்றன, அவை அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் எண்ணிக்கையில் அதிகம் அந்தச் சின்ன ஏரிகள்தான். ஒரு ஏரி நிரம்பிக் கோடி போய் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகிற சங்கிலியில், மேல் ஏரி ஒரு துறையிடம், கீழ் ஏரி இன்னொரு துறையிடம். நடுவில் உள்ள கால்வாய் வருவாய்த் துறைப் புறம்போக்கு. படுகைச் சட்டம் சங்கிலியை ஒன்றாகப் பார்க்க வேண்டும், ஏரியைத் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது.

இன்னொன்று, 2023ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம். பெரிய திட்டங்களின் நிலத்துக்குள் ஏரி, ஓடை இருந்தால் அதையும் சேர்த்து ஒப்படைக்க வழி செய்கிறது. அதோடு மோதினால் எந்தச் சட்டம் ஜெயிக்கும் என்று இப்போதே எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு நம் சட்டம் வெறும் தாளாகிவிடும். வழக்கறிஞர் இதைக் கவனிக்க வேண்டும்.

#12 வழக்குக்கட்டு

கவனிக்கிறேன். ‘வேறு எந்த மாநிலச் சட்டத்தில் எது இருந்தாலும்’ என்று தொடங்கும் ஒரு பிரிவு போட்டால் ஓரளவு காக்கும். சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு 1987லேயே தனி நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது, லாரியில் தண்ணீர் எடுக்க உரிமம் வாங்க வேண்டும். சென்னைக்கு முடிந்தது, அந்தச் சென்னைக்குப் பக்கத்தில் கடலில் கலக்கும் ஆற்றுக்கு ஏன் முடியாது என்று கேட்கலாம். மனுவில் இந்த ஒரு வாதம் எடை உள்ளது.

#13 ஆம்பூர்க்காரி

2003 சட்டம் ஏன் நிற்கவில்லை என்று யாரும் சொல்லவில்லையே? எனக்குத் தெரிந்த விவசாயிகள் எல்லாரும் அதற்குப் பயந்தார்கள். போர் பதிவு செய்யச் சொன்னால் அடுத்து வரி வரும், கரண்ட் கட் வரும் என்று. யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசவில்லை. இந்த முறையும் மேலே எழுதிக் கீழே அனுப்பினால் அதேதான் நடக்கும். கிராம சபையில் பேசிவிட்டு எழுதுங்கள். பெண்களைக் கேளுங்கள். எந்தக் கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் இறங்கும் என்று எங்களுக்குத் தெரியும், குடம் எங்கள் இடுப்பில்.

#14 மேற்கு வயல்

இரண்டு நாள் யோசித்தேன். அக்கா சொன்னதுதான் என்னை மாற்றியது. வழக்கறிஞர் ஐயா சொன்ன 10 டிஎம்சியும்.

எனக்கு இன்னும் மனசு முழுசாக ஒப்பவில்லை. மேலே உள்ள வழக்கு தூங்கக்கூடாது, அதை மனுவின் முதல் பத்தியில் போட வேண்டும். கணக்கு அரசாங்க ஆபீஸ் கணினியில் இருந்தால் போதாது. ஊர் நுழைவில் பலகை வைத்து, மாதம் ஒருமுறை கிணற்று மட்டத்தை எழுத வேண்டும், ரேஷன் கடையில் இருப்பு எழுதுவது போல. என் கிணற்றை நானே அளந்தால் அதை அரசு ஏற்க வேண்டும், அதிகாரி வந்துதான் அளக்க வேண்டும் என்று இருக்கக்கூடாது. அளந்து சொன்ன காரணத்துக்காக எந்த விவசாயியின் இணைப்பையும் வெட்டக்கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எங்கள் ஊரிலிருந்து கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

#15 ஏரிக்கோடி

மூன்றும் வரைவில் சேர்த்துவிட்டேன், உங்கள் வார்த்தையிலேயே. எல்லை வழக்கு முதல் பத்தி. மணல்மேடு சொன்ன மணல் இரண்டாவது பத்தி. ஏரிச் சங்கிலி, குடிநீர்க் கிணற்றைச் சுற்றித் தடை, கிராம சபை ஒப்புதல் என்று போகிறது. இந்த மாத விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மூன்று மாவட்டத்திலும் ஒரே நாளில் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#16 பழைய அணைக்கட்டு

ராணிப்பேட்டைக்கு நான் போகிறேன். காவேரிப்பாக்கம் பாசன சபைக்காரர்கள் நான்கு பேரைக் கூட்டிப் போகிறேன்.

#17 குப்பம் மாந்தோப்பு

வரைவைத் தெலுங்கில் எழுதித் தருகிறேன். எங்கள் பக்கமும் நாலு பேர் படிக்கட்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள கிணற்று மட்டத்தையும் ஒரு பலகையில் எழுத முடியுமா என்று எங்கள் ஊரில் கேட்டுப் பார்க்கிறேன்.

#18 மேற்கு வயல்

அண்ணா, இன்று காலை கயிறு விட்டுப் பார்த்தேன். குறித்துக்கொள்ளுங்கள். பழைய கிணறு, ஆழம் 70 அடி, தண்ணீர் 62 அடியில். போர், மோட்டார் 720 அடியில் இறக்கியிருக்கிறது, ஒரு மணி நேரம் ஓடினால் அரை மணி நேரம் நிற்கிறது. பக்கத்து நிலத்துப் பெரியப்பா கிணறு வறண்டது. அவரும் எழுதச் சொன்னார்.